கடலுக்குப் போய்வந்த இஞ்சின்

எனக்குச் சந்தேகப் புத்தி உண்டு. இதைக் குறையாகச் சொல்லவில்லை. என் வயிற்றுப்பாடே பல வருடம் அதில்தான் ஓடியது. மஸ்கட்டில் லாரி உதிரிபாகக் கடை ஒன்றில் ஸ்டோர் கீப்பராக இருந்தேன். பெட்டியின் மேல் ஒன்று அச்சடித்திருக்கும், உள்ளே இன்னொன்று இருக்கும். பேரிங் ஒன்று வந்தால் கையில் வைத்து எடை பார்த்து, விளிம்பை நகத்தால் சுரண்டி, மூக்கருகே கொண்டுபோய் மோந்து பார்த்த பிறகுதான் தட்டில் வைப்பேன். ஊருக்கு வந்து கொட்டாரத்தில் சின்னதாக ஒரு கடை போட்ட பிறகும் பழக்கம் போகவில்லை. மீன் வாங்கினால் செவுளைத் தூக்கிப் பார்ப்பேன். பெட்ரோல் போடப் போனால் வண்டியை விட்டு இறங்கி மீட்டர் முன்னால் நிற்பேன். என் மனைவி ஆஸ்பத்திரியில் நர்ஸ். ஊசி போட்டுக்கொள்ள வருகிற என்னைப் போன்றவர்களை அவளுக்கு நன்றாகத் தெரியும். மருந்தின் பெயரை இரண்டு தடவை வாசிக்கச் சொல்கிறவர்கள். வீட்டிலும் ஒன்று வந்து வாய்த்ததே என்பாள்.

அவள் கடற்கரைக்காரி, கத்தோலிக்கக் குடும்பம். நான் நெல் விளைவிக்கிற வீட்டுப் பிள்ளை. மஸ்கட்டில் பழகி, ஊரில் வந்து கட்டிக்கொண்டோம். இரண்டு வீட்டாரும் முகம் கொடுத்துப் பேசாத காலம் ஒன்று இருந்தது. அப்போது எங்கள் பக்கம் நின்ற ஒரே ஆள் அவளுடைய அண்ணன். சொந்தமாக மீன்பிடிப் போட்டு ஒன்று வைத்து, அதை அவனே ஓட்டி ஆழ்கடலுக்குப் போய்வந்தவன். என்னை முதலில் பார்த்த அன்று உச்சி முதல் உள்ளங்கால் வரை ஒரு பார்வை பார்த்துவிட்டு, நீச்சல் தெரியுமா என்று மட்டும் கேட்டான். தெரியாது என்றேன். அப்படியானால் என் தங்கச்சியிடம் சண்டைக்கு நிற்காதே, நீந்தித் தப்ப முடியாது என்றான். அன்றிலிருந்து எனக்கு அவனைப் பிடித்துப்போயிற்று. எதையும் சுரண்டிப் பார்க்காமல் நான் நம்பிய மனிதர்கள் குறைவு. அவன் அதில் ஒருவன்.

பெரிய புயல் வந்த வருடம் அவன் கடலில் இருந்தான். போட்டும் வரவில்லை, அவனும் வரவில்லை, கூடப் போனவர்களும் வரவில்லை. வேறு போட்டுகளில் போனவர்களின் வீடுகளுக்கு ஏதோ ஒன்று வந்தது. சிலருக்கு உடல் வந்தது. சிலருக்கு உடைந்த பலகையோ, பெயர் எழுதிய மிதவையோ வந்தது. அவற்றை வைத்துக்கொண்டு அழுது, கோயிலில் பூசை வைத்து, கல்லறைத் திருநாளன்று மெழுகுவர்த்தி கொளுத்தத் தொடங்கினார்கள். எங்களுக்கு ஒன்றுமே வரவில்லை. வேறு ஏதோ நாட்டு ஜெயிலில் இருக்கிறார்கள், ஒரு கப்பல் ஏற்றிக்கொண்டு போனதாம், இப்படி வதந்திகள்தான் வந்தன. பங்குச்சாமியார் ஒரு தடவை மெதுவாக, இறந்தோருக்கான பூசைக் கருத்தில் அவன் பெயரைச் சேர்க்கலாமா என்று கேட்டார். என் மனைவி செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டாள். "அவன் வருவான்," என்றாள் என்னிடம், வழியில். அதற்குப் பிறகு வீட்டில் அந்தப் பேச்சை யாரும் எடுத்ததில்லை. வருடங்கள் போயின. அவன் வருவான் என்று அவளும், வரமாட்டான் என்று நானும் நினைத்துக்கொண்டு ஒரே வீட்டில் குடித்தனம் நடத்தினோம்.

இனி கார் கதைக்கு வருகிறேன்.

மஸ்கட்டில் வெள்ளிக்கிழமைகளில் பழைய அமெரிக்கக் கார்களை வெளியே எடுப்பார்கள். நீண்ட மூக்கும் அகலப் பின்புறமும் கொண்ட வண்டிகள். உறுமினால் தெருவே திரும்பிப் பார்க்கும். எங்கள் கடைக்கு வருகிற ஒரு கிழவர் அப்படியொரு காரில் லாரி இஞ்சினும் லாரியின் பின் ஆக்ஸிலும், அதாவது பின்சக்கர அச்சும், வைத்து ஓட்டினார். ஏன் என்று கேட்டால், கார் இஞ்சின் கொஞ்சும், லாரி இஞ்சின் வேலை செய்யும் என்பார். அந்த வண்டி மணல்மேட்டில் ஏறுவதைப் பார்த்து எனக்குப் பைத்தியம் பிடித்தது. நம் நாட்டில் அந்தக் கார்களுக்குத் தூரத்துச் சொந்தம் என்று சொல்லிக்கொள்ளத் தக்கது கான்டெசா ஒன்றுதான். ரப்பர் தோட்டக்காரர் ஒருவரின் கொட்டகையில் கிடந்ததை வாங்கி, கயிறு கட்டி இழுத்து வந்தேன். மனைவி முன்கதவைத் திறக்கவே மாட்டேன் என்றாள். இதற்குள் எத்தனை பாம்பு இருக்கிறதென்று எண்ணிவிட்டுச் சொல்லுங்கள், அதன் பிறகு ஏறுகிறேன் என்றாள்.

பாம்பு இல்லை. ஆனால் இஞ்சின் பழுதாகிப் போயிருந்தது. பழைய இஞ்சினுக்குச் சாமான் கிடைக்காது. மலையோரத் தோட்டங்களுக்கு ஜீப்புகளில் லாரி இஞ்சின் ஏற்றிக் கொடுக்கிற ஒரு ஒர்க்‌ஷாப்காரர் கருங்கலில் இருக்கிறார் என்று கேள்விப்பட்டு வண்டியை அங்கே கொண்டுபோட்டேன். நல்ல பேச்சுக்காரர். நான்கு சிலிண்டர் லாரி இஞ்சின் இந்த மூக்குக்குள் சரியாக உட்காரும் என்றார். ஆனால் இஞ்சினை மட்டும் மாற்றினால் அதன் இழுவையில் காரின் பின் ஆக்ஸில் முறிந்துபோகும், அதனால் சின்ன லாரியின் ஆக்ஸிலே வேண்டும். லாரி ஆக்ஸில் அகலம் கூடியது. அதை இரண்டு பக்கமும் வெட்டிக் குறைத்து, திரும்ப ஒட்டி, உள்ளே ஓடுகிற தண்டுகளையும் லேத்தில் கொடுத்துக் குட்டையாக்க வேண்டும். முன்பக்கம் கனம் ஏறுவதால் ஸ்பிரிங், பிரேக் எல்லாம் மாறும். அவர் சொல்லச் சொல்ல நான் தலையாட்டினேன். வெட்டி ஒட்டிய ஆக்ஸில் மேல் குடும்பத்தோடு உட்காரப் போகிறவன் நான். அதனால் ஆக்ஸிலுக்காக எந்த லாரியை உடைத்தார்களோ அந்த லாரியையே போய்ப் பார்த்தேன். குழித்துறை லேத்தில் வேலை நடக்கும்போது பக்கத்தில் நின்றேன். ஒட்டிய இடத்தைச் சுத்தியலால் தட்டி ஓசை கேட்டேன். லேத்துக்காரர் கடைசியில், வேண்டுமானால் நீயே ஒட்டிக்கொள் என்று கண்ணாடியைக் கழற்றி நீட்டினார். ஆக்ஸில் விஷயத்தில் எனக்கு ஒரு மனக்குறையும் இல்லை.

இஞ்சின்தான் இடித்தது.

முதல் நாள் கேட்டபோது அது கல்குவாரி லாரியில் ஓடியது என்றார் ஒர்க்‌ஷாப்காரர். அடுத்த வாரம் போனபோது, தண்ணீர் லாரியில் ஓடியதாம், கனமே இழுக்காத இஞ்சினாம். நான் குவாரியை ஞாபகப்படுத்தினேன். குவாரிக்குத் தண்ணீர் கொண்டுபோன லாரி என்றார். பரவாயில்லை, சாமர்த்தியம்தான் என்று நினைத்துக்கொண்டேன். பதிவு ஆபீசில் இஞ்சின் மாற்றத்தைப் பதிய, இஞ்சின் வாங்கிய ரசீது வேண்டும் என்றேன். நாளை, நாளை என்றார். அதைவிடப் பெரிய சந்தேகம், பெயிண்ட். நான் முதல்முறை கண்ணால் காணும்போதே இஞ்சினுக்குக் கனமாகச் சாம்பல் நிறம் பூசியிருந்தது. பெயிண்ட் என்பது கடைசி வேலை. முதலிலேயே அடித்து வைத்திருக்கிறவர் எதையோ மூடுகிறார்.

நான் எப்போது போனாலும் என்னை டீ குடிக்கக் கூட்டிக்கொண்டு போவதில் குறியாக இருப்பார். ஒரு நாள் வயிறு சரியில்லை என்று சொல்லி நான் பின்தங்கிக்கொண்டேன். அவர் டீக்கடைக்கு நடந்ததும் சாவிக்கொத்தை எடுத்து இஞ்சினைச் சுரண்டத் தொடங்கினேன். லாரியில் இரும்பு அடைப்பான் இருக்க வேண்டிய இடத்தில் பித்தளை அடைப்பான் இருந்தது. சுற்றிலும் பச்சைக் களிம்பு. போல்ட் குழிகளுக்குள் வெள்ளையாகப் பூத்திருந்தது. விரலால் எடுத்து நாக்கில் வைத்தேன். உப்பு. இன்னும் கொஞ்சம் சுரண்டினேன். பெயிண்டுக்கு அடியில், இஞ்சின் பிளாக்கின் பக்கவாட்டில், உளியால் வெட்டிய ஒரு சிலுவை, கடற்கரைப் பேச்சில் குருசு, இருந்தது, சுண்டுவிரல் நீளத்தில்.

வெளியூர்க்காரர்களுக்கு விளங்காமல் போகலாம். எங்கள் கடற்கரையில் போட்டுகளில் இருப்பதெல்லாம் லாரி இஞ்சின்தான். சாலையில் ஓடி முடித்ததை வாங்கிப் பிரித்துச் சரிசெய்து, கடல் தண்ணீரில் குளிர்கிற மாதிரிக் குழாய் வைத்துப் போட்டுக்குள் இறக்குவார்கள். இறக்குகிற நாள் கிட்டத்தட்ட ஒரு திருநாள். சாமியார் வந்து தீர்த்தம் தெளிப்பார். சங்கிலியில் தொங்கும் இஞ்சினை ஆண்கள் நாலாபுறமும் பிடித்திருப்பார்கள். கீழே போய்விட்டால் பிறகு அதன் பக்கத்தை யாரும் பார்க்க முடியாது என்பதால், இறக்குவதற்கு முன்பே பிளாக்கில் ஒரு குருசு வெட்டுவார்கள். எல்லாப் போட்டிலும் உண்டு. வேறொரு போட்டில் ஒரு தடவை நானே நின்று பார்த்திருக்கிறேன். ஆகவே அந்த இஞ்சின் குவாரிக்கும் போகவில்லை, தண்ணீரும் சுமக்கவில்லை. கடலுக்குப் போனது.

ஒர்க்‌ஷாப்காரர் திரும்பி வந்து, சுரண்டின இடத்தையும் என் முகத்தையும் பார்த்தார்.

"கடல் இஞ்சின்னு சொன்னா நீங்க எடுப்பியளா அண்ணே? உப்பு தின்ன சாமானுன்னு மொகத்தச் சுளிப்பிய," என்றார். "நான் முழுசும் ஒக்க அவுத்துப் பாத்து, உள்ள எல்லாம் புதுசு போட்டாக்கும் கேத்துதது. ஒண்ணும் பேடிக்காண்டாம், பயப்படாதிய."

அதோடு நான் விட்டிருக்கலாம். பொய் வெளியே வந்துவிட்டது, பொய்க்குக் காரணமும் வெளியே வந்துவிட்டது, வியாபாரத்தில் இதெல்லாம் நடக்கிறதுதான். ஆனால் என் வாய் சும்மா இருக்கவில்லை. எந்தப் போட்டு என்று கேட்டேன். தெரியாது, குழித்துறைக்கு வெளியே இருக்கிற பழைய இரும்புக் கிட்டங்கியில் வாங்கியது என்றார். மறுநாளே அங்கே போனேன். கிட்டங்கிக்காரர் தாராளமாகப் பேசினார். அவருக்கு மறைக்க ஒன்றுமில்லை. கேரளத்துத் துறைமுகம் ஒன்றிலிருந்து லோடாக வந்ததாம். கவிழ்ந்து மிதந்த ஒரு போட்டை யாரோ கட்டி இழுத்து வந்து ஒதுக்கிவைத்திருந்தார்களாம். கேட்பாரில்லாமல் வருடக்கணக்கில் கிடந்து, கடைசியில் உடைத்து விற்றார்களாம். பெயர் எழுதிய பலகையெல்லாம் எப்போதோ போய்விட்டதாம்.

போட்டில் ஆள் இருந்தார்களா என்று கேட்டேன். இல்லை என்றார். எப்போது கிடைத்த போட்டு என்று கேட்டேன்.

"அந்தப் பெரிய புயலு வந்துதுல்லா, அதுக்குப் பொறவு," என்றார்.

எனக்குப் பயம் வந்தது. பழைய இரும்புக்கு நடுவே நின்றுகொண்டு, வேர்த்துக் கொட்டி, ஒரு சோடா வாங்கிக் குடித்தேன். எத்தனையோ போட்டுகள் போயின, அதில் ஏதோ ஒன்று இது என்று புத்தி சொன்னது. என் புத்தி சொல்வதை நான் என்றைக்குக் கேட்டிருக்கிறேன்? அன்றிலிருந்து எல்லாரையும் சந்தேகப்பட்டேன். ஒர்க்‌ஷாப்காரருக்கு முன்பே தெரிந்திருக்குமோ? போட்டு கிடைத்த சேதி துறைமுகத்தில் யாருக்காவது வந்து அமுக்கிவிட்டார்களோ? அவளுடைய சொந்தக்காரர்களுக்கே தெரிந்து, அவளிடம் சொல்லத் தைரியமில்லாமல் இருக்கிறார்களோ? கடையில் ஒருவர் கிளட்ச் பிளேட் கேட்க, நான் பிரேக் லைனிங்கை எடுத்துக் கொடுத்தேன்.

அவளுக்குச் சித்தப்பா மகன் ஒருவன் உண்டு, அவனும் போட்டில் போகிறவன். அவனுக்குப் போன் செய்து, அண்ணன் போட்டில் என்ன இஞ்சின் வைத்திருந்தான் என்று சும்மா கேட்பது மாதிரிக் கேட்டேன். நான் ஒரு தடவைகூட அந்த இஞ்சினைப் பார்த்ததில்லை. அதை வைத்தபோது நான் மஸ்கட்டில் இருந்தேன். அதன் பிறகு ஒரு முறை போட்டில் ஏறியபோது தளத்தைத் தாண்டுவதற்குள் வாந்தி எடுத்துவிட்டேன். எதற்குக் கேட்கிறீர்கள் அத்தான் என்றான் அவன். கடைக்குச் சாமான் எடுக்க என்றேன். அவன் சொன்னது இதே கம்பெனி, இதே நாலு சிலிண்டர். கடற்கரையில் பாதிப் போட்டுகளில் அதுதான் என்றும் சேர்த்துச் சொன்னான். அந்தப் பாதியில் எனக்கு ஆறுதல் கிடைக்கவில்லை. அக்காவிடம் சொல்லாதே என்று நான் சொன்னேன். கடற்கரையில் ஒரு சேதி வேகமாகப் போக வேண்டுமென்றால் இதைவிட நல்ல வழி கிடையாது. அது எனக்கு அப்போது தோன்றவில்லை.

வீட்டில் நான் கார்ப் பேச்சை நிறுத்திவிட்டேன். அதற்கு முன்னெல்லாம் சாப்பிட உட்கார்ந்தால் ஆக்ஸில், ஸ்பிரிங் என்று ஓயாமல் பேசுவேன். அவள் ஆமாம் போட்டுக்கொண்டு மீனில் முள் எடுப்பாள். இப்போது நான் வாயைத் திறக்காமல் சாப்பிட, அவள் முள் எடுப்பதை நிறுத்தி என்னைப் பார்க்கத் தொடங்கினாள். வண்டி என்ன ஆயிற்று என்பாள். வேலை நடக்கிறது என்பேன். என்ன வேலை என்பாள். சட்டையைத் துவைக்கப் போடும்போது மோந்து பார்த்தாள், நானே பார்த்தேன். ஒரு நாள் கேட்டேவிட்டாள்.

"கருங்கல்ல ஒங்களுக்கு எவளாவது இருக்காளா? இருந்தா சொல்லிரணும்."

சிரித்தேன். சிரிப்பு சரியாக வரவில்லை. இருந்திருந்தால்கூட நல்லதாக இருந்திருக்கும், அவளிடம் ஒரு வழியாகச் சொல்லியிருப்பேன் என்று தோன்றியது. இதை எப்படிச் சொல்வது? உன் அண்ணன் போட்டின் இஞ்சினை வாங்கி என் விளையாட்டுக் காரில் வைத்திருக்கிறேன் என்றா? அவன் வருவான் என்று இத்தனை வருடம் பிடித்து வைத்திருக்கிறவளிடம், இதோ அவன் வரமாட்டான் என்பதற்கு அடையாளம் என்று ஒரு இரும்பைக் காட்டுவதா? அவள் உடைந்துபோவாள் என்று எனக்கு உறுதியாகத் தெரியும். ஒர்க்‌ஷாப்காரரிடம் போய் விஷயத்தைச் சொன்னேன். அவருக்கு முகம் வெளுத்துவிட்டது. இஞ்சினை இறக்கி எங்கேயாவது கண்காணாத ஊருக்கு விற்றுவிடுங்கள் என்றேன். சரி என்றார். வெளியே வந்து பஸ்ஸுக்கு நின்றபோது, அப்படி விற்றுவிட்டால் இது அவனுடையதா இல்லையா என்று சாகிறவரை தெரியாமல் போகுமே என்று தோன்றியது. திரும்பிப் போய், வேண்டாம், இருக்கட்டும் என்றேன். அடுத்த தடவை போனபோது விற்றுவிடுங்கள் என்றேன். அவர் பாவம், இஞ்சினைச் சங்கிலியில் மாட்டி வண்டிக்கு மேலே தொங்கவிட்டபடியே காத்திருந்தார்.

ஒரு நாள் சாயங்காலம் அவள் டியூட்டி முடிந்து வந்தாள். பையைக்கூட இறக்கி வைக்காமல் வாசலில் நின்று, நாளைக்கு எனக்கு லீவு, கருங்கலுக்கு நானும் வருகிறேன் என்றாள். எதற்கு என்றேன்.

"இஞ்சின் பாக்க," என்றாள்.

சித்தப்பா மகன் சொல்லிவிட்டான். கேட்டவன் கேட்ட விதமும் சொல்லாதே என்று சொன்ன விதமும் அவனுக்குச் சரியாகப் படவில்லையாம். அவள் என்னைத் திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டவில்லை. குளித்துவிட்டு வந்து சோறு வைத்தாள். கிட்டங்கியில் கேட்டதை எல்லாம் நான் சொல்லி முடிக்கும்வரை கேட்டாள். அவள் அமைதியாக இருந்தது எனக்கு இன்னும் பயமாக இருந்தது. இவள் நாளை என்ன செய்வாளோ என்று அவளையும் சந்தேகப்பட்டேன்.

மறுநாள் பைக்கில் போனோம். ஒர்க்‌ஷாப்காரர் எங்களைப் பார்த்ததும் வேலை செய்துகொண்டிருந்த ஆளை வெளியே அனுப்பினார். நாற்காலியைத் துடைத்துப் போட்டார். அவள் உட்காரவில்லை. இஞ்சின் காருக்கு மேலே தொங்கிக்கொண்டிருந்தது, என் சாவி சுரண்டிய குருசு தெரியும்படியாக. அவர் அதைக் கீழே இறக்கி மரக்கட்டைகளின் மேல் வைத்தார். ஓட்டிக் காட்டவா அம்மா என்று கேட்டார். கடற்கரைப் பெண்கள் வீட்டுக்குள் இருந்துகொண்டே இஞ்சின் சத்தத்தில் யார் போட்டு வருகிறது என்று சொல்லிவிடுவார்கள். அது அவருக்கும் தெரியும். அவள் வேண்டாம் என்றாள். உள்ளே எல்லாம் மாற்றியாயிற்று, சத்தத்தை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது என்றாள். ஒரு டார்ச்சும் பழந்துணியும் மண்ணெண்ணெயும் கேட்டாள்.

குருசை ஒருமுறை தொட்டாள், அவ்வளவுதான். பிறகு இஞ்சினின் பின்பக்கம் போய்த் தரையில் மண்டியிட்டாள். இஞ்சினும் கியர் பாக்ஸும் சேரும் இடத்தில், போல்ட் போடுவதற்காகப் பிளாக்கோடு சேர்த்தே காது காதாக வார்த்திருப்பார்கள். அந்தக் காதுகளை ஒவ்வொன்றாகத் துடைத்து, பெயிண்டைச் சுரண்டி, டார்ச் அடித்துப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே சொன்னாள். அண்ணன் போட்டில் இஞ்சின் இறக்கிய அன்று அவள் மஸ்கட்டிலிருந்து லீவில் ஊருக்கு வந்திருந்தாளாம். பாதி இறங்கும்போது சங்கிலி நழுவி, இஞ்சின் போட்டின் விலாக்கட்டையில் மோதி, இடதுபக்கக் காது ஒன்று உடைந்து விழுந்ததாம். அவளுடைய அப்பா இது நல்லதற்கில்லை என்று முகம் தொங்கிப்போய் உட்கார்ந்தாராம். அண்ணன் சிரித்துக்கொண்டே காதைப் பொறுக்கி எடுத்து, வெல்டரைக் கூப்பிட்டுப் பித்தளை வைத்து அன்றைக்கே பற்றவைத்தானாம். இரும்பில் மஞ்சளாக ஒரு கோடு இருக்கும், கம்மல் போட்டிருக்கிறது என்று எல்லாரும் சிரித்தோம் என்றாள்.

இடது பக்கம் முடித்தாள். வலது பக்கமும் பார்த்தாள். மறுபடி இடது பக்கம் வந்து விரலால் தடவினாள். ஒரு காதும் உடைந்ததில்லை, ஒன்றும் பற்றவைத்ததில்லை. பிளாக்கை மாற்றினீர்களா என்று ஒர்க்‌ஷாப்காரரிடம் கேட்டாள். இல்லையம்மா, பிளாக்கு வந்தபடியே இருக்கிறது, குருசே அதில்தானே இருக்கிறது என்றார் அவர்.

"இது இல்ல," என்றாள்.

எனக்கு உயிர் வந்தது. அப்பாடா என்று வாய்விட்டே சொன்னேன். நெஞ்சில் ஏற்றி வைத்திருந்த கல்லை யாரோ இறக்கி வைத்த மாதிரி இருந்தது. ஒர்க்‌ஷாப்காரர் சிலுவை போட்டுக்கொண்டார். நான் குனிந்து அவள் தோளைத் தொட்டேன், எழுந்திரு, போவோம் என்று. அவள் எழவில்லை. தரையில் அப்படியே உட்கார்ந்து, கரி படிந்த துணியை மடியில் போட்டுக்கொண்டு அழத் தொடங்கினாள். புயல் வந்த வருடத்தில்கூட அவள் அழுது நான் பார்த்ததில்லை. ஒர்க்‌ஷாப்காரர் மெல்ல வெளியே போய்விட்டார்.

"இல்லேன்னா நல்லதுதானட்டி," என்றேன். "எதுக்கு இந்த அழுகை?"

"இதா இருக்கணும்னு வேண்டிகிட்டாக்கும் வந்தேன்," என்றாள்.

எனக்கு விளங்கவில்லை. "நீதானே இத்தன வருசமா வருவான், வருவான்னு சொன்ன?"

"பின்ன நான் என்ன சொல்ல? கூடப் பெறந்தவ நானே அவன் செத்துட்டான்னு சொல்லணுமா? ஒரு பலகையாவது ஒரு துண்டு இரும்பாவது கரைக்கு வந்து அதச் சொல்லட்டும்னு இருந்தேன். அது வந்தா அவனுக்கு ஒரு பூசை வைக்கலாம்லா."

நான் அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். பேரிங்கையும் மீனையும் பெட்ரோலையும் சந்தேகப்பட்ட நான், அவள் வாயால் சொன்ன அந்த ஒரு சொல்லை மட்டும் அப்படியே எடுத்துக்கொண்டு, அதன் உள்ளே என்ன இருக்கிறதென்று ஒரு நாளும் பார்க்காமல் இருந்திருக்கிறேன். அவளும் என்னைப் போலவே நினைத்திருக்கிறாள், தனியாக நினைத்திருக்கிறாள். கையைப் பிடித்துக்கொண்டேன். அவள் கை முழுக்க மண்ணெண்ணெய் நாறியது.

அழுது ஓய்ந்ததும் அவள் இஞ்சினைத் திரும்பிப் பார்த்தாள். நிறைய நேரம் பார்த்தாள்.

"இது வேற எவளுக்கோ அண்ணன் போட்டு," என்றாள். "இல்லேன்னா மாப்பிள போட்டு. அவளும் என்ன மாதிரி வருவான் வருவான்னு சொல்லிட்டு இருப்பா. நீங்க இதுக்கு மேல பெயிண்ட் அடிச்சு காருல கேத்திராதிய."

இல்லை என்றேன். அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு, ஒர்க்‌ஷாப்காரரைக் கூப்பிட்டு, பெயிண்ட் சுரண்டுகிற தகடு இருந்தால் தாருங்கள் என்று கேட்டாள். ஏதாவது எழுத்து வெட்டியிருக்கும், ஏதாவது பற்றவைத்திருக்கும், ஏதாவது ஒன்று பார்த்தவர்களுக்கு ஞாபகம் இருக்கும் என்றாள். அவர் இரண்டு தகடு கொண்டுவந்தார். அவள் குருசு இருந்த பக்கத்திலிருந்து தொடங்கினாள். நான் மறுபக்கம் போய் உட்கார்ந்து சுரண்டத் தொடங்கினேன்.